இரண்டாம் கட்டில் கம்ப்யூட்டருக்கு இணையம் நிலைத்து நிற்பதில்லை – பள்ளத்தூர், பழைய வீடு

வளவுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் ஆத்தாவுடன் இருக்கிறேன். சென்னை அலுவலகத்தின் கணக்கு வேலையை இங்கிருந்தே பார்க்கிறேன். முகப்பில் ஃபைபர் மோடம் இருக்கிறது. அதன் வைஃபை முகப்பிலும் வளவிலும் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) நன்றாகக் கிடைக்கிறது. அதற்கு அடுத்த உள்பகுதியான இரண்டாம் கட்டில் என் அறைக்குள் வந்தால் கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. அதனால் எலெக்ட்ரீஷியனை வைத்து லேன் கேபிள் இழுத்தோம். மோடத்திலிருந்து கேபிள் வளவுக்கு வருகிறது. அங்கே டி.வி. பக்கத்தில் ஒரு சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). அதிலிருந்து டி.வி.க்கு ஒன்று, என் மேசைக் கம்ப்யூட்டருக்கு ஒன்று.

கேபிள் வந்த பிறகும் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. பெரிய கோப்பை அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. சில நேரம் மூலையில் மஞ்சள் முக்கோணம் வந்து 'இணையம் இல்லை' என்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது. சாயங்காலம் தொல்லை அதிகம்.

இணைய நிறுவனத்தில் இருந்து வந்த பையன் முகப்பிலேயே நின்று தன் கைபேசியில் வேகத்தை அளந்து காட்டிவிட்டு, "செட்டிநாட்டு வீட்டுச் சுவர், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யாராவது வழி சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக்கல்:

பையன் சொன்னது சரி. சுவர்தான். ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்தில் செங்கல், அதன்மேல் அடுக்கடுக்காகச் சுண்ணாம்புப் பூச்சு. உங்கள் பாட்டனார் வெயில் உள்ளே வரக்கூடாது என்று கட்டினார். வைஃபையும் வரவில்லை.

கானாடுகாத்தான்_சிங்கை:

ஆச்சி, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக்கும் இதே கதைதான். மெஷ் வைஃபை வாங்கிவிடுங்கள். முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று. மூன்று பெட்டியும் தமக்குள் பேசிக்கொள்ளும். கேபிள் தொல்லையே வேண்டாம். அதுவும் வேண்டாம் என்றால், மின்சாரக் கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் பெட்டிகள் இருக்கின்றன. பிளக்கில் செருகினால் போதும்.

காரைக்குடி_வாத்தியார்:

ஒரு நிமிடம். காசைச் செலவழிக்கச் சொல்லும் முன் கேள்வியைச் சரியாகப் படியுங்கள். அந்த அம்மா சொல்வது கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரைப் பற்றி. தாமிரக் கம்பிக்குள் போகும் சைகைக்குச் சுவர் ஒன்றரை அடியா, ஒன்பது அடியா என்று தெரியாது. இந்த ஊரில் இணையம் நின்றால் முதலில் சுவரைக் கைது செய்துவிடுகிறார்கள், விசாரணையே கிடையாது.

பவர்லைன் பெட்டியைப் பற்றியும் ஒன்று. இவ்வளவு பெரிய வீட்டில் பெரும்பாலும் மும்முனை இணைப்பு இருக்கும். முகப்பு ஒரு ஃபேஸ், இரண்டாம் கட்டு வேறு ஃபேஸ் என்றால் அந்தப் பெட்டிகள் ஒன்றையொன்று பார்க்கவே திணறும். நடுவில் இன்வெர்ட்டர் வந்தால் இன்னும் மோசம்.

வளவுக்காரி, எங்கே அறுகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம். கட்டளைத் திரையைத் திறந்து இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று தட்டினால் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியும் நுழைவாயிலின் (வெளியே போக வழிவிடும் மோடம் அல்லது ரவுட்டர்) முகவரியும் வரும். முகவரி 169.254 என்று தொடங்கினால், கேட்ட இடத்திலிருந்து பதில் வராததால் கம்ப்யூட்டர் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். 192.168 என்று தொடங்கினால் யாரோ ஒருவர் முகவரி கொடுத்திருக்கிறார். (யார் என்பது பிறகு.)

அடுத்து நுழைவாயிலுக்கு பிங் (ping) அனுப்புங்கள், அதாவது சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். இது வீட்டுக்குள்ளே மட்டும் போய் வரும் பயணம். இங்கேயே தவறினால் வெளியே யாரையும் திட்ட வேண்டாம்.

பிறகு 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங். இது வெளி உலகம். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். பக்கம் கோளாறு.

ஒவ்வொன்றையும் நான்கு பொட்டலத்தோடு நிறுத்தாமல், நீண்ட நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

வளவுக்காரி:

நன்றி ஐயா. முகவரி 192.168.1.34, நுழைவாயில் 192.168.1.1. நுழைவாயிலுக்கு பிங் ஓடவிட்டேன். பல பதில்கள் 1 மில்லிவினாடியில் வருகின்றன, திடீரென்று சில நூறு மில்லிவினாடி ஆகிறது, நடுநடுவே பதிலே இல்லை. 8.8.8.8க்கும் அப்படித்தான். பெயரைத் தட்டினாலும் எண்ணைத் தட்டினாலும் ஒரே நிலை.

காரைக்குடி_வாத்தியார்:

போதும். தெருவில் இருக்கும் ஃபைபர் மேல் இப்போதைக்குச் சந்தேகம் இல்லை. முகப்புக்கும் உங்கள் மேசைக்கும் நடுவில்தான் பொட்டலங்கள் தொலைகின்றன. கேபிள் ஆட்கள் யாராவது வாருங்கள்.

தேவகோட்டை_கேபிள்:

வந்துவிட்டேன் சார். ஆச்சி, மூன்று கேள்வி. ஒன்று, கேபிள் மொத்தம் எவ்வளவு நீளம், எந்த வழியாகப் போகிறது? இரண்டு, விண்டோஸ் இணைப்பு விவரத்தில் வேகம் 100 என்று காட்டுகிறதா, 1000 என்று காட்டுகிறதா? மூன்று, கேபிளின் முனையில் இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளக்கைத் தாழ்ப்பாள் பின்பக்கம் இருக்கும்படி, தங்கப் பற்கள் உங்களைப் பார்க்கும்படி, கேபிள் கீழே தொங்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக எட்டுக் கம்பிகளின் நிறத்தையும் எழுதுங்கள். இரண்டு முனைகளையும் பாருங்கள்.

வளவுக்காரி:

நீளம் ஏறக்குறைய 60 மீட்டர் இருக்கும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். முகப்பிலிருந்து வளவுத் தாழ்வாரத்தின் மர உத்தரத்தை ஒட்டி வந்து, இரண்டாம் கட்டுக்குப் போகும் இடத்தில் வானவெளியை (திறந்த முற்றத்தை) குறுக்கே தாண்டுகிறது. சுவரில் துளை போட ஆத்தா சம்மதிக்கவில்லை. பூச்சு முட்டை வெள்ளை சேர்த்துத் தேய்த்தது. ஓர் இடத்தில் பெயர்ந்தால் ஒட்டுப் போட முடியாது என்கிறார்.

வேகம் 100. நிறங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் விளக்கு எரியும் கருவியை வைத்துக் காட்டினார், எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

தேவகோட்டை_கேபிள்:

பிடித்துவிட்டோம். பார்ப்பதற்கு அழகான வரிசை, வேலைக்கு ஆகாத வரிசை. நான் போகும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மின்சார வேலை தெரிந்தவர்கள் நிறத்தை நிறத்தோடு சேர்த்து அடுக்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் தொழிலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கம்பி போய்ச் சேர்ந்தால் விளக்கு எரியும்.

லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த முறுக்குதான் உயிர். ஒரு ஜோடியில் ஒரே சைகை நேராகவும் தலைகீழாகவும் போகும். வெளியிலிருந்து இரைச்சல் வந்தால் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் மறைந்துவிடும். ஆனால் பிளக்கில் 3ஆம் பல்லும் 6ஆம் பல்லும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். உங்கள் வரிசையில் 3இல் வெள்ளை-பச்சை, 6இல் நீலம். இரண்டும் வேறு வேறு ஜோடி. முறுக்கின் பலன் போயிற்று. ஒரு ஜோடியின் சைகை அடுத்த ஜோடிக்குள் கசியும். இரண்டு மீட்டர் கேபிளில் இப்படிச் செய்தால் தெரியவே தெரியாது. 60 மீட்டரில் பொட்டலம் தொலையும். எட்டு விளக்குக் கருவி இதைப் பிடிக்காது. அது கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மோடத்திலிருந்து ஸ்விட்ச் வரும் துண்டு, ஸ்விட்சிலிருந்து உங்கள் அறை வரும் துண்டு, இரண்டின் எல்லா முனைகளையும் வெட்டிப் புதிய பிளக் போடச் சொல்லுங்கள். பிளக்குக்குள் போகும்வரை முறுக்கைப் பிரிக்கக் கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் பிரித்தால் திருப்பிச் செய்யச் சொல்லுங்கள். நீளம் பற்றிக் கவலை இல்லை, 100 மீட்டர் வரை தாங்கும்.

வானவெளியைத் தாண்டும் இடத்தைப் பற்றிப் பிறகு பேச வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

கோட்டையூரான்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை. எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் இணையம் இருக்கிறது என்று காட்டுகிறது, பிங் எல்லாம் வருகிறது, ஆனால் வங்கித் தளத்தைத் திறந்தால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சொல்லித் தடுக்கிறது. எல்லாத் தளமும் அப்படித்தான். மின்வெட்டு வந்த மறுநாள் காலையில் கட்டாயம் இப்படி ஆகிறது. எனக்கும் பிளக் மாற்ற வேண்டுமா?

ஆத்தங்குடிக்கல்:

கோட்டையூர் அண்ணே, உங்கள் கம்ப்யூட்டரில் தேதி என்ன?

கோட்டையூரான்:

2009 ஜனவரி 1.

ஆத்தங்குடிக்கல்:

அதுதான். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. 2009இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. மதர்போர்டில் பொத்தான் போல ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032. அது தீர்ந்துவிட்டது. மின்சாரம் போனதும் கடிகாரம் பழைய காலத்துக்குப் போகிறது. புதிய பேட்டரியைப் போட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

நெறியாளர்:

கோட்டையூரான், 'இதே பிரச்சினை' என்று எழுதும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வேறு பிரச்சினை. அடுத்த முறை தனி இழை தொடங்குங்கள்.

வளவுக்காரி:

எல்லா முனைகளும் மாற்றியாயிற்று. எலெக்ட்ரீஷியன் தேவகோட்டை அண்ணன் எழுதிய வரிசையைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். இப்போது வேகம் 1000 என்று காட்டுகிறது! நுழைவாயிலுக்கு பிங் ஒன்றுகூடத் தவறவில்லை, எல்லாம் 1 மில்லிவினாடிக்குள். பெரிய கோப்பும் ஒரே மூச்சில் போயிற்று. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

தேவகோட்டை_கேபிள்:

மகிழ்ச்சி ஆச்சி. சுவர் நிரபராதி.

கானாடுகாத்தான்_சிங்கை:

ஆனாலும் வைஃபைக்குச் சுவர் குற்றவாளிதானே?

காரைக்குடி_வாத்தியார்:

பாதிக் குற்றவாளி. கனமான செங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே தின்னும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்தால் இன்னும் குறையும். கூடத்தில் மாட்டியிருக்கும் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். இரும்புப் பெட்டி இருக்கும் அறையைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் நம் வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. தெருவில் நின்று பார்த்தால் முகப்பு வாசல், வளவு வாசல், இரண்டாம் கட்டு வாசல், பின்கட்டு வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பின்தெருவில் போகும் ஆடு முன்வாசலில் இருந்து தெரியும். அந்தக் கோட்டில் ரவுட்டரை வைத்தால் அலை வாசல் வாசலாகப் போய்விடும். தேக்குக் கதவு சாத்தியிருந்தால்கூடச் சுவர் அளவுக்குத் தடுக்காது. ஆனால் நிறுவனத்து ஆட்கள் மோடத்தை எங்கே மாட்டுகிறார்கள்? ஃபைபர் நுழையும் ஜன்னலுக்குப் பக்கத்தில், மூலையில், சில வீடுகளில் மர அலமாரிக்குள். பிறகு சுவரைத் திட்டுகிறார்கள்.

ஆத்தங்குடிக்கல்:

எங்கள் வீட்டில் மோடம் சாமி அறையில் இருக்கிறது. ஊதுபத்திப் புகை மட்டும் நன்றாகக் கிடைக்கிறது அதற்கு.

வளவுக்காரி:

திரும்பவும் வந்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

பகல் முழுவதும் தங்கமாக இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரம் தாண்டினால் மஞ்சள் முக்கோணம். முன்பு போல விட்டுவிட்டு அல்ல, ஒரேயடியாகப் போகிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. முகப்பில் ஆத்தாவின் கைபேசி வேலை செய்கிறது. அவரும் "சாயங்காலத்தில் சில சமயம் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்கிறார், ஆனால் எனக்கு இருப்பது போல மோசமில்லை.

ஆத்தங்குடிக்கல்:

சாயங்காலம் ஊரே படம் பார்க்கும். நிறுவனத்தின் பக்கம் நெரிசல். இது நிச்சயம்.

காரைக்குடி_வாத்தியார்:

நெரிசல் என்றால் மெதுவாகும், ஒரேயடியாக நிற்காது. நிற்கும்போது ஆத்தாவின் கைபேசியும் நிற்க வேண்டும். 'நிச்சயம்' என்ற சொல்லைக் கொஞ்சம் சேமித்து வையுங்கள் தம்பி.

வளவுக்காரி, அடுத்த முறை நிற்கும்போது அணைத்துப் போடாதீர்கள். அணைத்தால் தடயம் போய்விடும். அப்படியே வைத்துக்கொண்டு முன்பு செய்த சோதனையைத் திரும்பச் செய்து, திரையில் வரும் வாசகத்தை ஒரு சொல் விடாமல் எழுதுங்கள்.

வளவுக்காரி:

இப்போது நின்றிருக்கிறது, கைபேசியில் எழுதுகிறேன். நுழைவாயில் 192.168.1.1க்கு பிங் அருமையாகப் போகிறது, ஒன்றும் தவறவில்லை. 8.8.8.8க்கு அனுப்பினால் '192.168.1.1 இடமிருந்து பதில்: சேர வேண்டிய வலையமைப்பை எட்ட முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கில வாசகம் வருகிறது. இதே நேரத்தில் முகப்பில் ஆத்தா பேரனுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார்.

காரைக்குடி_வாத்தியார்:

இதுதான் இந்த இழையின் முக்கியமான வரி. நன்றாகக் கவனியுங்கள். உங்கள் நுழைவாயில் 'எனக்கு வெளியே போக வழி தெரியாது' என்று பதில் சொல்கிறது. அதே நிமிடம், அதே நுழைவாயில் வழியாக ஆத்தா வெளியே பேசிக்கொண்டிருக்கிறார். ஒரே பெட்டி இரண்டு பேச்சு பேசாது. அப்படியானால்?

தேவகோட்டை_கேபிள்:

இரண்டு பெட்டி.

காரைக்குடி_வாத்தியார்:

ஆமாம். உறுதி செய்துகொள்ள இரண்டு காரியம். கட்டளைத் திரையில் 'ஏஆர்பி -ஏ' (arp -a) என்று தட்டினால் 192.168.1.1க்கு நேரே பன்னிரண்டு எழுத்தில் ஒரு வன்பொருள் முகவரி வரும். மோடத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும் முகவரியோடு ஒப்பிடுங்கள். கடைசி எழுத்து ஒன்றிரண்டு மாறினால் பரவாயில்லை. முதல் ஆறு எழுத்தே மாறினால் பெரும்பாலும் வேறு பெட்டி. இன்னொன்று, கம்ப்யூட்டரில் உலாவியைத் திறந்து 192.168.1.1 என்று தட்டுங்கள். உங்கள் மோடத்தின் பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

வளவுக்காரி:

ஐயா, முதல் ஆறு எழுத்தும் வேறு. பக்கமும் வேறு! எங்கள் மோடத்தின் பக்கம் வெள்ளை நிறம், நிறுவனத்தின் பெயர் இருக்கும். இது நீல நிறத்தில் வேறு ஏதோ பழைய ரவுட்டரின் பெயரோடு வருகிறது. யாராவது எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்களா? அலுவலகக் கணக்கெல்லாம் இதில் இருக்கிறது, பயமாக இருக்கிறது.

காரைக்குடி_வாத்தியார்:

பயப்படாதீர்கள். திருடன் இணையத்தை நிறுத்தி உங்களை உஷார்ப்படுத்த மாட்டான். வளவுக்குப் போய் அந்த ஸ்விட்சைப் பாருங்கள். மோடத்திலிருந்து ஒன்று, டி.வி.க்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று மூன்று கேபிள் இருக்க வேண்டும்.

வளவுக்காரி:

நான்கு இருக்கிறது.

நான்காவது கேபிள் தூணை ஒட்டிப் போய், பெரியப்பச்சி (பெரியப்பா) புள்ளிக்கு, அதாவது அவர் குடும்பத்துக்கு, உரிய அறைக்குள் போகிறது. இப்போது புரிகிறது. படைப்புக்காக (முன்னோர் வழிபாடு) பெரியப்பச்சி குடும்பம் வந்து தங்கியிருக்கிறது. பகலில் நகரத்தாரின் ஒன்பது கோயிலுக்கும் போய்வருகிறார்கள். ஒரு நாள் இளையாற்றங்குடி, மாற்றூர் என்றால் மறுநாள் வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி. அறையைப் பூட்டி, மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். சாயங்காலம் திரும்பினால் எல்லாம் போடுவார்கள். பெரியப்பச்சி மகன் வைஃபை சரியாக வரவில்லை என்று கோயம்புத்தூர் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்.

தேவகோட்டை_கேபிள்:

கேபிளை அந்த ரவுட்டரின் மஞ்சள் துளைகளில் ஒன்றில் செருகியிருப்பார், நீலத் துளையில் அல்ல. சரியா? நிறம் பெட்டிக்குப் பெட்டி மாறும், நான்கு துளை வரிசையா, இணையம் உள்ளே வருவதற்கென்று தனியாக இருக்கும் ஒன்றா என்று பாருங்கள்.

வளவுக்காரி:

நான்கு இருக்கும் வரிசையில்தான்.

காரைக்குடி_வாத்தியார்:

கதை முழுதாகிவிட்டது. படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

வீட்டு வலையமைப்பில் முகவரி வழங்கும் வேலையை டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு செய்கிறது. அதை ரவுட்டர் ஒன்றே செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் விழித்ததும் 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று வலையமைப்பு முழுவதற்கும் கூவும். முதலில் வரும் பதிலை வைத்துக்கொள்ளும். இங்கே பதில் சொல்ல இரண்டு பேர். அதோடு நிற்கவில்லை, தொழிற்சாலையில் இருந்து வரும்போதே பல ரவுட்டர்கள் தமக்கு 192.168.1.1 என்று வைத்துக்கொண்டு வருகின்றன. உங்கள் மோடமும் அது, அண்ணன் கொண்டுவந்ததும் அது. ஒரே தெருவில் ஒரே கதவிலக்கத்தோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் யார் முதலில் கதவைத் திறக்கிறாரோ அவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். பழைய ரவுட்டர் உங்களுக்கு அருகில் இருக்கிறது, அது முந்திக்கொண்டது. அதற்கு வெளியே போக ஃபைபர் இல்லை. ஆத்தாவின் கைபேசிக்கு மோடம் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் அது முந்தியது. எப்போதாவது தோற்றபோது 'சுற்றிக்கொண்டே' இருந்தது. அணைத்துப் போட்டால் ஓட்டப்பந்தயம் புதிதாகத் தொடங்கும், சில நேரம் மோடம் வெல்லும். அதனால்தான் அணைத்துப் போடுவது மருந்து போலத் தெரிந்தது.

இந்த 192.168 வரிசை வீடு, அலுவலகம் போன்ற இடங்களுக்குள் மட்டும் பயன்படுத்துவதற்காக 1990களிலேயே ஒதுக்கிவைக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது வசதி. எல்லோரும் 1.1 என்றே வைத்துக்கொள்வது வம்பு.

கானாடுகாத்தான்_சிங்கை:

ஆச்சி, ஒன்று சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். போய்ப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். பொது வீடு, அவர் புள்ளிக்கு உரிய அறை, அதுவும் படைப்பு நேரம். எங்கள் வீட்டில் வளவு மின்விசிறியை யார் மாற்றுவது என்று தொடங்கிய பேச்சு இரண்டு திருமணங்களுக்கு யார் வரவில்லை என்பதில் போய் முடிந்தது.

வளவுக்காரி:

அதுதான் எனக்கும் யோசனை. அவர் என்னைவிடப் பெரியவர். அந்த ரவுட்டரை எடுக்காமலே சரிசெய்ய முடியுமா? அவர் அறையிலும் வைஃபை வேண்டும் என்பது நியாயம்தானே.

தேவகோட்டை_கேபிள்:

எடுக்கவே வேண்டாம் ஆச்சி. கேபிளை நான்கு துளை வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக இருக்கும் துளையில் செருகச் சொல்லுங்கள். பிறகு அந்த ரவுட்டரின் உள்முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் போதும். அவர் அறை தனி வலையமைப்பு, உங்களுக்குத் தொல்லை இல்லை. இரண்டு நிமிட வேலை.

காரைக்குடி_வாத்தியார்:

இரண்டு நிமிட வேலைதான், ஆனால் அப்படிச் செய்தால் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். அவர் அறையில் இருக்கும் மடிக்கணினி வளவு டி.வி.யை நேரடியாகக் காணாது. அச்சுப்பொறி இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு அனுப்ப முடியாது. பொது வீட்டைப் பொது வீடாகவே வைப்போம். நான் சொல்வது கொஞ்சம் நீளம்.

முதலில் பழைய ரவுட்டரை ஸ்விட்சிலிருந்து கழற்றி, ஒரு மடிக்கணினியோடு தனியாக இணைக்க வேண்டும். இது முக்கியம், வலையமைப்பில் இருக்கும்போது 192.168.1.1ஐத் திறந்தால் எந்தப் பெட்டி திறக்கிறது என்று தெரியாது, தவறிப்போய் மோடத்தின் அமைப்பை மாற்றிவிடுவீர்கள். தனியாக இணைத்தபின் அதன் பக்கத்துக்குள் நுழைந்து, கடவுச்சொல் நினைவில்லை என்றால் பின்னால் இருக்கும் சிறிய துளையில் ஊசியால் அழுத்திப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டே மாற்றம். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். சேமித்தபின் பழையபடி நான்கு துளை வரிசையில் ஒன்றிலேயே கேபிளைச் செருகுங்கள், தனித் துளை காலியாக இருக்கட்டும். இனி அது ரவுட்டர் அல்ல. வைஃபை கொடுக்கும் வெறும் கிளை.

மோடத்தின் பக்கத்திலும் ஒரு முறை போய், அது வழங்கும் முகவரிகள் 10இலிருந்து தொடங்குமாறு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் 192.168.1.2ஐ யாருடைய கைபேசிக்காவது கொடுத்துவிட்டு, மறுபடியும் இங்கே இழை தொடங்குவீர்கள்.

தேவகோட்டை_கேபிள்:

சார் சொல்வது சுத்தமான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் நான் என் முறையைத்தான் செய்வேன். நாளைக்கு அந்த அண்ணன் ஊசியால் அழுத்திவிட்டால் உங்கள் முறையில் முழு வீடும் மறுபடி நிற்கும். என் முறையில் அவர் அறை மட்டும் நிற்கும்.

காரைக்குடி_வாத்தியார்:

அதுவும் நியாயம். வாடகைக்கு விட்ட வீடாக இருந்தால் நானும் உங்கள் முறையைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆத்தங்குடிக்கல்:

ஆக, பங்காளி சண்டையை வலையமைப்பிலும் பிரித்துத்தான் தீர்க்க வேண்டுமா, சேர்த்துத் தீர்க்க வேண்டுமா என்பதே கேள்வி. வழக்கறிஞர் யாராவது இருக்கிறீர்களா?

வளவுக்காரி:

வாத்தியார் ஐயா முறையில் செய்தாயிற்று. அண்ணனிடம், "உங்கள் ரவுட்டர் நல்ல ரவுட்டர், அதை வீடு முழுவதற்கும் பயன்படும்படி மாற்றிக்கொள்ளலாமா" என்று கேட்டேன். அவரே மடிக்கணினியை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். கடவுச்சொல் அவருக்கும் நினைவில்லை, ஊசிதான். மாற்றியபின் என் கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டேன். நேற்றுச் சாயங்காலமும் இன்று சாயங்காலமும் அவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும்போதே வேலை முடித்தேன். அவர் அறை என் அறைக்கு எதிரே இருப்பதால் இப்போது இரண்டாம் கட்டிலும் கைபேசிக்கு வைஃபை வருகிறது.

ஒரு சந்தேகம். இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வைத்துவிட்டோம், நடந்துபோகும்போது கைபேசி தானே மாறிக்கொள்ளட்டும் என்று. சரிதானே?

காரைக்குடி_வாத்தியார்:

சரி. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டுக்கும் வேறு வேறு சேனல் வையுங்கள். ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 மட்டுமே. மோடம் 1 என்றால் அது 6 அல்லது 11.

கானாடுகாத்தான்_சிங்கை:

அப்படியென்றால் என் மெஷ் பெட்டிகளை விற்றுவிடலாமா?

காரைக்குடி_வாத்தியார்:

வேண்டாம். அவற்றையும் கேபிளில் இணைத்துவிடுங்கள். பெரும்பாலான மெஷ் பெட்டிகளில் அதற்குத் துளை இருக்கும். சுவர் தாண்டிக் காற்றில் பேசச் சொன்னால்தான் அவை திணறுகின்றன.

தேவகோட்டை_கேபிள்:

ஆச்சி, வானவெளி விஷயம் பாக்கி இருக்கிறது. திறந்த வெளியில் தாமிரக் கேபிள் தொங்குவது நல்லதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலே போதும், அந்தக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு ஸ்விட்சின் துளையும் கம்ப்யூட்டரின் லேன் துளையும் ஒன்றாகக் கருகும். மோடம் வரை வரும் ஃபைபர் கண்ணாடி இழை, அதற்கு இந்தப் பயம் இல்லை. வெயிலில் சாதாரண கேபிளின் மேலுறை வெடிக்கவும் செய்யும். குறுக்கே போகாமல் தாழ்வாரத்தைச் சுற்றிக் கூரைக்கு அடியில் கொண்டுபோனால் கூடுதலாக எவ்வளவு ஆகும் என்று அளந்து பாருங்கள். வளவு ஸ்விட்சிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்குவதால் அந்தத் துண்டு 100 மீட்டரைத் தாண்டாது. பழைய மரச் சட்ட ஒயரிங் போகும் பக்கம் மட்டும் வேண்டாம். 230 வோல்ட் கம்பியிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும். துளை தேவையில்லை, உத்தரத்தில் கிளிப் அடித்தால் போதும்.

வளவுக்காரி:

உத்தரத்தில் ஆணி அடிக்கவும் ஆத்தாவிடம் கேட்க வேண்டும் அண்ணே. பர்மா தேக்கு.

தேவகோட்டை_கேபிள்:

ஆணி வேண்டாம். நைலான் பட்டையால் கட்டிவிடலாம். மழைக்கு முன் சொல்லுங்கள், அந்தப் பக்கம் வரும்போது நானே வந்து பார்க்கிறேன்.